தீப்பொறிப் பூட்டு

பூட்டு என்றவுடன் கதவும் பெட்டியுமே நினைவுக்கு வரும். பழைய சிக்கிமுக்கித் துப்பாக்கியிலும் ஒரு பூட்டு உண்டு. அது அடைத்து வைக்கும் பூட்டன்று. நெருப்பைப் பிறப்பிக்கும் பூட்டு. அரபியில் துப்பாக்கியின் விசைக்கு 'ஸினாத்' என்று பெயர். தீக்கடையும் கோலுக்கு முற்கால அரபியர் வழங்கிய 'ஸந்த்' என்னும் சொல்லின் உறவே அது. குளம்புகளால் பொறி பறக்கச் செய்யும் குதிரைகளைக் கூறும் 'அல்-ஆதியாத்' அத்தியாயத்தை ஓதுந்தோறும் கல்லும் இரும்பும் மோதும் அக்காட்சி நம் மனக்கண்முன் தோன்றும்.

நாம் வாழும் திருவண்ணாமலை இப்பூட்டின் ஓசையை அறிந்த ஊர். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் நிஜாமும் ஒருபுறமும், கர்னல் ஸ்மித்தின் கும்பினிப் படை மறுபுறமுமாக இவ்வூரருகே பொருதபோது கும்பினிச் சிப்பாய்கள் ஏந்தியவை சிக்கிமுக்கித் துப்பாக்கிகளே. ஹைதரின் மைந்தர் திப்பு சுல்தானோ ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பட்டறைகளில் இவற்றைச் செய்வித்து, சுத்தியையும் புலி வடிவில் வார்ப்பித்தார்.

இதன் இயக்கம் எளியது. சுத்தியின் வாயில் தோல் சுற்றிய சிக்கிமுக்கிக் கல் இருக்கும். விசையை இழுத்தால் வில்லின் வேகத்தில் அக்கல் எஃகுத் தகட்டைச் சுரண்டும்; தகடு பின்சாய்ந்து மருந்துக் கிண்ணியைத் திறக்க, பொறி அதில் விழும். தீ சிறு துளை வழியே குழலுக்குள் பாயும்.

நாம் மதரஸாவில் பயின்ற காலத்தில் பின்தெருவில் உரிமத்துடன் துப்பாக்கி பழுது பார்த்த ஆசாரி ஒருவர் இருந்தார். எந்தத் துப்பாக்கி வந்தாலும், குழலில் மருந்தில்லை என்று உறுதி செய்துகொண்ட பின்னரே பூட்டைத் தொடுவார். பொறி எழவில்லையெனில் முதலில் கல்லின் விளிம்பைக் கூராக்குவார். பின்னும் எழாவிடில் தகட்டுக்குப் பதமேற்றுவார். கிண்ணியில் தீப்பற்றியும் குழல் வெடிக்காவிடில் துளையை ஊசியால் குத்தித் துலக்குவார். வெடித்த மருந்தின் கரி காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். ஆகவே வெந்நீரில் கழுவி, நன்குலர்த்தி, எண்ணெய் தடவுவார்.

ஒருமுறை செல்வர் வீட்டு இளைஞர் ஒருவர், குடும்பத் துப்பாக்கியைப் பளபளவென்று துலக்கிக் கொண்டு வந்தார். சுத்தியைப் பாதி இழுத்து நிறுத்தினால் அது நிற்காமல் வழுக்கியது. "அரம் கொண்டு சற்றே தேய்த்துக் கொடுங்கள் ஆசாரி, நின்றுவிடும்" என்றார் அவர். ஆசாரி மறுத்தார். "தம்பி, அந்தப் பாதி நிலைதான் உயிர்க்காவல். பல் தேய்ந்ததனால்தான் வழுக்குகிறது. இன்னும் தேய்த்தால், நீங்கள் விசையைத் தொடாமலே வெடிக்கும். புதுப் பல் செய்து பொருத்தும்வரை இதை நான் தரமாட்டேன்" என்றார். இளைஞர் சினந்தார், ஆசாரி அசையவில்லை. ஒரு வாரம் கழித்து அவருடைய தந்தையாரே வந்து, புதுப் பல் பொருந்திய பூட்டை நன்றியுடன் பெற்றுச் சென்றார்.

1757 ஜூன் 23இல் பிளாசிப் போர்க்களத்தில் மழை பெய்தது. கும்பினியார் தம் வெடிமருந்தை மூடிக் காத்தனர்; நவாப் சிராஜுத்தௌலாவின் மருந்தோ நனைந்து போயிற்று. துரோகம் ஒருபுறமிருக்க, காவாத மருந்தும் அத்தோல்விக்குத் துணை நின்றது.

வெளிப்பூச்சைத் துலக்குவோர் பலர். உள்ளிருக்கும் சிறு பல்லைக் கவனிப்போர் சிலரே. ஆபத்தைத் தடுத்து நிறுத்துவது அச்சிறு பல்தான். துப்பாக்கிக்கு மட்டுமன்று, கோபத்தில் விரையும் நம் நாவுக்கும் அப்படியொரு பாதி நிலை வேண்டுமல்லவா?