வெந்த பயறுக்கு வெண்ணந்தூர்த் தாளிப்பு

வெண்ணந்தூர்
தை மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள குமார்,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதும் பழக்கம் நம் இருவருக்கும் விட்டுப்போய்விட்டது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

“இங்கே கனடாவில், கோடையில் அல்கோன்குயின் காட்டில் கூடாரம் போடுகிறோம். பேக்டு பீன்ஸ் டப்பாவைச் சுடவைத்து ரொட்டியோடு தின்கிறோம். பிள்ளைகள் அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறார்கள். எனக்கும் என் மனைவிக்கும் தொண்டையில் இறங்கவில்லை. ஏதாவது வழி சொல்” என்று எழுதியிருந்தாய். சமையல் புத்தகம் எதையும் நான் புரட்டவில்லை. வெட்டவெளியில் அடுப்பு மூட்டியே வயிறு கழுவியவர்கள் நிறைந்த சீமை இது. அவர்களிடமே கேட்டுவிட்டேன்.

முதலில் ஊரைச் சொல்கிறேன். ராசிபுரத்தில் பஸ் மாறி வரவேண்டும். இறங்குவதற்கு முன்பே தறிச் சத்தம் காதில் விழுந்துவிடும். முன்கட்டில் குடித்தனம், பின்கட்டில் விசைத்தறி என்று தெருத்தெருவாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஊரைத் தாண்டினால் அலவாய்மலை. அதன் பக்கமாகப் போகப் போகக் குச்சிக்கிழங்கு, சோளம், தென்னை. நான் தங்கியிருப்பது ஒரு தறிக்காரர் வீடு. மலைப்பக்கம் அவர்களுக்குக் கொஞ்சம் தோட்டமும் உண்டு. இன்று தறிக்கு லீவு விட்டுவிட்டு, கிணற்று மேட்டிலேயே ஆக்கித் தின்பது என்று முடிவாயிற்று. உன் கேள்வியை நினைத்துச் சேலத்தில் வாங்கிய இரண்டு டப்பாக்கள் என் பையில் இருந்தன.

வெளியே போய்ச் சமைப்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை. பக்கத்து அத்தனூரில் அம்மன் கோயில் இருக்கிறது. குலதெய்வம் கும்பிட வருகிற சனம் அண்டா குண்டானோடுதான் வந்து இறங்கும். நாமக்கல் லாரிக்காரர்கள் ஸ்டவ்வும் அரிசியும் மிளகாய்த்தூளும் வண்டியிலேயே வைத்துக்கொண்டு வடக்கே போய்வருகிறவர்கள். இவர்கள் எல்லோரையும் மிஞ்சியவர்கள் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள். மத்தியப் பிரதேசத்திலோ சத்தீஸ்கரிலோ ஒரு காட்டுக்குள் போர் போடும் வண்டியைப் பார்த்தால் பதிவெண் டி.என். 34 தானா என்று பார், அதுவாகவும் இருக்கலாம். துளை போடும் வண்டி ஒன்று, பைப்பும் சாமானும் ஏற்றிய வண்டி ஒன்று. ஆட்களோடு சமையலுக்கும் ஒருவர் போவார். மாதக்கணக்கில் ஊர் திரும்பமாட்டார்கள். ஆப்பிரிக்கா வரை போன வண்டிகளும் உண்டு.

அப்படி ரிக் வண்டியில் கென்யா வரை போய்ச் சமைத்துவிட்டு வந்த ஒரு பெரியவர் இன்று எங்களோடு இருந்தார். வீட்டுக்காரருக்கு மாமன் முறை என்பதால் எனக்கும் மாமா. வீட்டு அத்தை என் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வெந்த பயிறைக் காசு குடுத்து வாங்கியாந்தீங்களா தம்பி?” என்று சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. “நீ சிரிக்காத புள்ள. போர்த் தண்ணியில பயிறு வேக வெச்சுப் பாத்தவனுக்குத்தான் இதோட அருமை தெரியும்” என்றார்.

அதைக் கேட்டதும்தான் இந்தக் கடிதத்துக்கு ஒரு பிடி கிடைத்தது. அறுநூறு, எழுநூறு அடி ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். கால்சியமும் மக்னீசியமும் பயறின் உள்ளே இருக்கும் பெக்டினைப் பிடித்துக் கெட்டியாக்கிவிடும். மணிக்கணக்கில் கொதித்தாலும் பயறு கல்லாகவே கிடக்கும். நம் பக்கத்தில் ‘பருப்பு வேகிற தண்ணி’ என்று தனியாகக் குடம் வைத்திருப்பது இதனால்தான். ஊருக்கெல்லாம் தண்ணீர் காட்டிக் கொடுத்த ரிக் வண்டிக்காரர்களுக்கு அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்பது பெரிய வேடிக்கை. கென்யாவில் கடைக்குக் கடை பீன்ஸ் டப்பா கிடைத்தது, விறகும் நேரமும் மிச்சமானது என்றார் மாமா.

புளியும் அதே வேலையைத்தான் செய்யும். பயறு வேகுமுன் புளியையோ தக்காளியையோ போட்டால் பிறகு வேக வெகுநேரம் பிடிக்கும். நம் வீட்டுக் கிழவிகள் ‘வெந்தப்புறம் புளி ஊத்து’ என்று திட்டிக்கொண்டே இருந்தது இதற்குத்தான். டப்பாவில் இருக்கும் பயறோ அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தது. சின்ன வெள்ளை பீன்ஸை ஊறவைத்து, வெந்நீரில் கொதிவிட்டு, தக்காளிச் சாறோடு டப்பாவில் அடைத்து, மூடியபின் நீராவி அழுத்தத்தில் வேகவைக்கிறார்கள். பேக்டு என்று பெயரே தவிர, பெரும்பாலான கடை டப்பாக்கள் அடுப்புக்குள் சுட்டெடுத்தவை இல்லை. ஆக, எவ்வளவு புளி வேண்டுமானாலும் நீ தைரியமாக ஊற்றலாம். புளிப்பு ஏறினால், கொதிக்கிற நேரம் கூடினாலும் பயறு குழையாமல் நிற்கும். அது உனக்கு லாபம்.

உனக்கு இறங்காமல் போனதற்குக் காரணம் சர்க்கரை. பாஸ்டன்காரர்கள் வெல்லப்பாகும் பன்றிக்கறியும் போட்டுச் சட்டியில் இரவெல்லாம் வேகவைத்த பண்டம் இது. ஹெய்ன்ஸ் கம்பெனி 1886-இல் லண்டன் ஃபோர்ட்நம் அண்டு மேசன் கடைக்குக் கொண்டுபோய் விற்றபோது பணக்காரர்கள் வாங்கும் சரக்கு. பிறகுதான் எளியவர்கள் தட்டுக்கு வந்தது. தக்காளிச் சாறு வந்தும் இனிப்பு போகவில்லை. வட அமெரிக்காவில் தோட்டத்தில் நெருப்பு மூட்டிச் சமைக்கிறவர்கள் அதன் தலையில் இன்னும் பழுப்புச் சர்க்கரையும் கடுகு விழுதும் போடுகிறார்கள். அவர்கள் நாக்குக்கு அது சரி. நமக்கு வேண்டியது எதிர்த்திசை: காரம், புளிப்பு, புகை, கூடவே பல்லில் கடிபட ஏதாவது ஒன்று.

மாமா செய்ததை அப்படியே எழுதுகிறேன், பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்.

மூன்று கல் கூட்டிய அடுப்பு. பன்னாடையால் பற்றவைத்து, தென்னமட்டை போட்டு எரியவிட்டார். வடச்சட்டி காய்ந்ததும் கடலை எண்ணெய் மூன்று கரண்டி. கடுகு வெடித்ததும் சீரகம், கிள்ளிய வரமிளகாய் ஆறு, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. தட்டிய சின்ன வெங்காயம் ஒரு டம்ளர், பூண்டு பத்துப் பல். இங்கேதான் அவர் அவசரப்படவே இல்லை. வெங்காயத்தின் ஓரம் கருகத் தொடங்கும்வரை கிளறிக்கொண்டே இருந்தார். பிறகு மல்லித்தூள் ஒன்றரைக் கரண்டி, மஞ்சள் சிட்டிகை. தூளின் பச்சை வாடை போனதும் நெல்லிக்காய் அளவு புளியின் கெட்டிக் கரைசல். அது கொதித்து எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நின்றது. அதுவரை டப்பா மூடியே இருந்தது.

“குழம்பு முடிஞ்சாச்சு. இனி பயிறு வந்து சேந்துக்கிட்டாப் போதும்” என்றார். எல்லோரும் தலைகீழாகச் செய்கிற இடம் இதுதான் குமார். டப்பாவைக் கொட்டிச் சூடேற்றி, அதன் மேல் பச்சை வெங்காயமும் தூளும் தூவுகிறோம். பயறு சூடாகிறது, தூள் வேகாமல் கிடக்கிறது. முழுச் சமையலையும் டப்பாவைத் திறப்பதற்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும்.

ஒரு டப்பாவைச் சாறோடு கொட்டினார். இன்னொன்றின் சாறை வடித்துவிட்டுப் பயறை மட்டும் போட்டார். இனிப்பு பாதியாகக் குறைந்தது. இங்கே டப்பா 415 கிராம், உங்கள் ஊரில் 398 மில்லி. பெரிய வித்தியாசம் இல்லை. விறகை வெளியே இழுத்துவிட்டு, தணலில் கால் மணி நேரம். நடுவில் நாலில் ஒரு பங்கு பயறை மத்தால் சட்டியின் ஓரத்தில் வைத்து நசுக்கினார். நம் ஊர்ப் பச்சைப்பயறுக் கடைசலில் வருகிற கெட்டித்தன்மை இதிலும் வந்துவிட்டது. சட்டியை இறக்கும்போது ருசி பார்த்துத்தான் உப்பு போடவேண்டும், டப்பாவிலேயே உப்பு உண்டு. கடைசியாகக் கொல்லிமலை மிளகு, தட்டிப் போட்டது, ஒரு கரண்டி. மூடாமல் சுண்டவிட்டதால் புகையும் ஏறியிருந்தது.

பக்கத்து அடுப்பில் அத்தை பச்சை மொச்சைக் குழம்பு வைத்திருந்தார். தை மாதத்து மொச்சையை இது ஜெயிக்க முடியாது. ஆனால் இரண்டாவது கரண்டி எல்லோரும் கேட்டு வாங்கினார்கள்.

இனி, இதை அடிப்படையாக வைத்துச் செய்யக்கூடியவை. சட்டியில் பயறு சுண்டியபின் நாலு குழி பறித்து நாலு முட்டையை உடைத்து ஊற்றி மூடிவிடு. வெள்ளைக்கரு வெந்து மஞ்சள் கரு தளதளவென்று இருக்கையில் இறக்கு. தினமும் பேப்பரில் முட்டை விலைக்கே பெயர் கொடுத்திருக்கும் நாமக்கல் மாவட்டத்துக்கு வந்துவிட்டு இதை எழுதாமல் விட்டால் பாவம்.

இங்கிலாந்தில் சுட்ட உருளைக்கிழங்கைப் பிளந்து அதன் மேல் பீன்ஸ் ஊற்றுவார்கள். இங்கே உருளைக்கு வேலை இல்லை, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி இருக்கிறது. ஜவ்வரிசி ஆலைகளுக்காகவே மாவட்டம் முழுக்கப் போட்டிருக்கிறார்கள். அவித்து, தண்ணீரை இறுத்து, தணலில் இரண்டு புரட்டுப் புரட்டி, பிளந்து பயறை ஊற்றினோம். உங்கள் ஸ்கார்பரோ தமிழ்க்கடைகளில் உறைந்த மரவள்ளி கிடைக்கும், அதை வாங்கு. நீ இங்கே வரும்போது மட்டும் கேட்டு வாங்கவேண்டும். ஆலைக்குப் போகிற கசப்பு ரகம் வேறு, தின்கிற ரகம் வேறு.

கடிபடும் பொருளுக்குச் சேலம் இருக்கிறது, கேட்கவே வேண்டாம். தட்டுவடை செட்டும் நொறுக்கலும் தெருவுக்குத் தெரு விற்கிற ஊர். பயறை நன்றாக இறுக்கி, இரண்டு தட்டுவடைக்கு நடுவில் வைத்து, துருவிய கேரட், வெங்காயம், ஒரு பிழி எலுமிச்சை. பிள்ளைகள் கையிலேயே பிடித்துத் தின்பார்கள். பெரியவர்களுக்குத் தட்டில் பயறை ஊற்றி, மேலே அட்டையாம்பட்டி கைமுறுக்கை நொறுக்கித் தூவிவிடு. தூவியவுடன் சாப்பிட வேண்டும், பேசிக்கொண்டிருந்தால் நமுத்துவிடும்.

முகாமுக்கு என்ன எடுத்துப்போவது என்று கேட்பாய். தாளிப்பை வீட்டிலேயே முடித்துவிடு. புளிக்கரைசலோடு சேர்த்துத் தொக்குப் பதத்துக்குச் சுண்டவைத்து, நன்றாக ஆறியபின் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வை. அங்கே போனதும் வடச்சட்டியில் தொக்கு, அதன் மேல் பயறு, கால் மணியில் சாப்பாடு. கார் போய் நிற்கிற முகாமுக்குத்தான் இது. துடுப்புப் போட்டு உள்காட்டுக்குப் போகிறாயானால் அல்கோன்குயினில் உணவு டப்பாவும் பாட்டிலும் கொண்டுபோகவே தடை என்பது உனக்குத் தெரியும். அதற்கு வீட்டிலேயே பயறை வடித்து உலரவைத்துப் பையில் போட்டுக்கொள். மேப்பிள் பாகு சேர்த்த வகையைத் தொடாதே, தக்காளிச் சாறு வகையை வாங்கு. பன்றிக்கறி சேர்த்ததும் அதே அலமாரியில் இருக்கும், உன் மனைவி சைவம் என்பதால் சீட்டைப் படித்து எடு. மூடிய டப்பாவை நெருப்பில் வைக்காதே, வெடிக்கும். உப்பியிருந்தால் திறக்காமலே எறி. வெங்காயமும் பூண்டும் கரடிக்கும் மணக்கும். சட்டியைக் கழுவி, மிச்சத்தைக் காருக்குள் பூட்டிவிட்டுத் தூங்கு.

நாளை காலை கொல்லிமலைக்குப் புறப்படுகிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவாம், மிளகு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவதாக உத்தேசம். இந்தக் கடிதத்தோடு அட்டையாம்பட்டி முறுக்கு இரண்டு பொட்டலம் தபாலில் போடுகிறேன். வழியில் நொறுங்கிவிடுமே என்று தபால்காரர் கவலைப்பட்டால், பரவாயில்லை, நொறுக்கத்தான் அனுப்புகிறேன் என்று சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
முரளி