என் உடம்பு கேட்டதை நான் எழுதவில்லை

டப்ஸ்டெப் இசையைப் பற்றிச் சில வருடங்கள் இணையத்தில் எழுதிவந்தேன். ஆங்கிலத்தில், புனைபெயரில். அந்த எழுத்தில் பெரும்பகுதி பொய். வருடங்களையும் லேபிள் பெயர்களையும் சரியாகத்தான் எழுதினேன். ஆனால் ஓர் அறைக்குள் நின்று எனக்குப் பிடித்ததை, வீட்டுக்கு வந்து பிடிக்கவில்லை என்று எழுதினேன். இணையத்தில் நான் சேர்ந்திருந்த கூட்டத்துக்கு அது பிடிக்கக்கூடாததாக இருந்தது. அதனால் தெரிந்த ஒரு பெடியனுக்குக் கெடுதல் நேர்ந்தது.

அந்த இசை பிறந்த ஊரில்தான் நான் குடியிருந்தேன். தெற்கு லண்டனில் குரொய்டன். அங்கே சரே ஸ்ட்ரீட் சந்தை 13ஆம் நூற்றாண்டிலிருந்து கூடுகிறது. வாரக் கடைசியில் காய்கறி வாங்க நான் போவது அங்கேதான். அதே தெருவில் பிக் ஆப்பிள் என்று ஓர் இசைத்தட்டுக் கடை இருந்தது. டிஜே ஹாட்சா அங்கே வேலை செய்தார். பள்ளிக்கூட வயதுப் பெடியன்களாக ஸ்க்ரீமும் பெங்காவும் அங்கேயே கிடந்தார்கள். இசைத் தயாரிப்பாளர் ஆர்ட்வொர்க்கின் ஸ்டூடியோ மாடியில். கராஜ் இசையின் பாடலையும் பளபளப்பையும் உரித்தெடுத்துவிட்டு, அடியில் இருக்கும் கனத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் செய்துபார்த்ததுதான் பிறகு டப்ஸ்டெப் ஆனது. கடை 2004இல் மூடப்பட்டது. அதன் வாசலை எத்தனையோ தடவை காய்கறிப் பையோடு கடந்திருக்கிறேன். ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. மூடிய செய்தியே எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் சில வருடங்கள் கழித்து அந்தக் கடையைப் பற்றி நீளமாக எழுதினேன், அங்கே நின்று தட்டுப் புரட்டியவனைப் போல. உள்ளே என்ன மணம் வீசியது என்றுகூட எழுதியிருந்தேன். படித்தவர்கள் நன்றி சொன்னார்கள். முதல் பொய் அதுதான்.

இந்த இசை எப்படி இயங்குகிறது என்று சொன்னால்தான் என் பொய்யின் தன்மை விளங்கும். வேகம் நிமிடத்துக்கு 140 துடிப்பு. ஆனால் ஸ்நேர் அடி மூன்றாவது துடிப்பில் மட்டும் விழுவதால் உடம்புக்கு அது பாதி வேகமாகத் தெரிகிறது. அந்த இடைவெளியை நிரப்புவது பேஸ். ஐம்பது ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழேயும் இறங்குகிற ஒலி. ஐம்பது ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ 7 மீட்டர் நீளம். லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. அது வெளியிடுவது மேலே மிதக்கிற உறுமலையும் ஹைஹாட்டின் கிசுகிசுப்பையும்தான். தேரோட்டத்தில் தவில்காரருக்குப் பக்கத்தில் நின்றவருக்கு நான் சொல்வது புரியும்: அதே தவிலைத் தொலைபேசியில் கேட்டால் குச்சியின் சத்தம் வரும், தவில் வராது. நான் லேப்டாப்பில் கேட்டுத்தான் தீர்ப்பு எழுதினேன். என்னோடு வாதாடியவர்களில் பலரும் அப்படித்தான் கேட்டார்கள் என்று நினைக்கிறேன். பேஸ் இசை ஒன்றைப் பேஸ் இல்லாமல் கேட்டுவிட்டு, எது ஆழம், எது மலிவு என்று தரம் பிரித்தோம்.

இணையம் எதையும் தரவில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு டியூன் விற்பனைக்கு வர மாதக்கணக்காகும். சில வரவே வராது. அதுவரை அது டப்பிளேட்டாக, அதாவது நாலைந்து டிஜேக்கள் தங்களுக்கென்று வெட்டிவைத்த அசிடேட் தட்டாக மட்டும் இருக்கும். ஊசி பட்டுப்பட்டுச் சீக்கிரம் தேய்ந்துபோகிற தட்டு அது. ஷோர்டிச்சில் பிளாஸ்டிக் பீப்பிள் என்ற சின்ன நிலவறையில் நடந்த ஃபார்வர்ட் இரவுக்கோ, 2005இல் பிரிக்ஸ்டனில் ஒரு தேவாலயக் கட்டடத்துக்குள் இருந்த மாஸ் அரங்கில் மாலா, கோக்கி, லோஃபா தொடங்கிய டிஎம்இஸட் இரவுக்கோ போனால்தான் அவற்றைக் கேட்கலாம். ரின்ஸ் எஃப்எம் வானொலி நிகழ்ச்சிகளையும், 2006 ஜனவரியில் பிபிசி ரேடியோ ஒன்னில் மேரி ஆன் ஹாப்ஸ் நடத்திய ‘டப்ஸ்டெப் வார்ஸ்’ நிகழ்ச்சியையும் யாரோ பதிவு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். அதனால்தான் இந்த இசை லண்டனைத் தாண்டிப் போனது. பிரிஸ்டலில் டிஜே பிஞ்ச் தனக்கென்று ஒரு சூழலை வளர்த்தார். நியூயார்க்கில் 2005இலேயே டப் வார் இரவு தொடங்கிவிட்டது. பிரிக்ஸ்டன் போக முடியாதவர்களுக்கு அந்தப் பதிவுகள் பெரிய உதவி. எனக்கோ பிரிக்ஸ்டன் ரயிலில் கொஞ்ச நேரம்.

இணையத்தில் எங்களுக்கென்று ஒரு வேதம் உருவாகிவிட்டது. பெரியல் என்ற பெயரில் ஒருவர் 2007இல் வெளியிட்ட ‘அன்ட்ரூ’ அதன் உச்சி. அடுத்த வருடம் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. அருமையான ஆல்பம், இன்றும் அதற்கு எதிராக ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஆனால் அது இரவில் தனியாக, ஹெட்போனில் கேட்கத் தோதானது. இணையத்தில் கருத்துச் சொல்பவரும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். தன் இருப்புக்கு ஒத்துவந்த இசையை அவர் உயர்ந்தது என்றார், நானும் சொன்னேன். ‘வாபிள்’ என்று அழைக்கப்பட்ட, பேஸ் வளைந்து நெளிந்து உறுமுகிற டியூன்களை மலிவு என்றோம், துரோகம் என்றோம். 2010க்குப் பிறகு அமெரிக்க டிஜே ஸ்க்ரில்லெக்ஸ் வந்ததும் எல்லாப் பழியையும் தூக்கி அமெரிக்கா மீது போட்டோம். டப் வார் நடத்தியவர்களும் பால்டிமோரிலிருந்து வந்த டிஜே ஜோ நைஸும் எத்தனை வருடம் உழைத்திருந்தார்கள் என்பதை என் எழுத்தில் நான் ஒருபோதும் கணக்கில் எடுக்கவில்லை.

நாங்கள் பார்க்க மறுத்த உண்மை ஒன்று. வாபிளை வளர்த்தவர்களில் முக்கியமானவர் கோக்கி. நாங்கள் கோயிலாகக் கொண்டாடிய அதே டிஎம்இஸட்டின் கோக்கி. அவருடைய ‘ஸ்பஞ்ச்பாப்’ வந்ததும் அதே 2007தான். மாலாவின் தியானம் போன்ற டியூனும் கோக்கியின் உறுமலும் ஒரே இரவில், ஒரே ஸ்பீக்கரில், ஒரே கூட்டத்துக்குத்தான் ஒலித்தன. ஒன்றைக் கேட்டுக் கண்ணை மூடியவர்களே மற்றதுக்குக் கத்தி, தட்டைத் திரும்ப முதலிலிருந்து போடச் சொன்னார்கள். உள்ளூரில் அது ஓர் இரவின் ஏற்ற இறக்கம். இணையத்தில் நாங்கள் அதை இரண்டு கட்சியாக்கினோம்.

இனி அந்தப் பெடியனின் விசயம்.

தெரிந்தவர் ஒருவரின் மகன். இங்கே பிறந்தவன். எனக்குப் பாட்டில் ஈடுபாடு உண்டு என்று தகப்பன் சொல்லியிருந்தார். நான் எழுதுவது இரண்டு பேருக்கும் தெரியாது. அவனும் கூட்டாளிகளும் ஒரு பப்பின் பின்னறையை இரவுக்கு எடுத்து நிகழ்ச்சி நடத்தத் தொடங்கியிருந்தார்கள். “அங்கிள், ஒருக்கா வந்து பாருங்கோ. நல்ல சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு எடுத்திருக்கிறம்” என்றான். போனேன். நோர்பரி, மிச்சம் (Mitcham) பக்கமிருந்து வந்த பிள்ளைகள். கறுப்பர், வெள்ளையர், எங்கள் ஆட்கள். அவன் போட்டது பெரும்பாலும் வாபிள்.

வீட்டுக்கு வந்து அன்றிரவே எழுதினேன். ‘ஒரு காலத்தில் இதைப் பெற்றெடுத்த ஊரில் இன்று இதன் பிணத்தை ஆட்டிக் காட்டுகிறார்கள்’ என்ற பொருளில் தொடங்கினேன். நிகழ்ச்சியின் பெயரையும் போட்டேன். அந்த வரிகளில் பாதி, போவதற்கு முன்பே என் தலைக்குள் தயாராக இருந்தவை. நிறையப் பேர் ஆமோதித்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த அறையில் இருந்திருக்க வாய்ப்பில்லை.

ஏன் எழுதினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அகதியாக வந்து, அலுவலகத்தில் யாரும் கருத்துக் கேட்காத மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். இணையத்தில் என் உச்சரிப்பு யாருக்கும் கேட்காது. வயதும் நிறமும் தெரியாது. அங்கே நான் சொன்னால் கேட்டார்கள். அந்த அறையிலோ நான் எல்லோரையும்விட மூத்த, ஆடத் தெரியாத, ஓரமாக நிற்கிற ஆள். எந்த இடத்தில் எனக்கு மதிப்பிருந்ததோ அந்த இடத்துக்கு விசுவாசமாக இருந்தேன். அதற்கான விலையை அந்தப் பிள்ளைகளின் தலையில் வைத்தேன்.

ஓர் இரவை நடத்துவதற்கு என்ன தேவைப்படுகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. முன்பணம், பப் முதலாளியின் முகம், அக்கம்பக்கத்தார் முறைப்பாடு. இசை இரவு நடத்துகிறவர்களுக்கென்று லண்டன் பொலிஸார் 2005இலிருந்து 696 என்றொரு படிவம் வைத்திருந்தார்கள். ஆரம்பத்தில் அது வருகிறவர்கள் எந்த இனத்தவர் என்றுகூடக் கேட்டது. கிரைம் (grime), கராஜ் இசை இரவுகள் அதனால் பட்ட பாடு பெரிது. 2017இல்தான் படிவம் கைவிடப்பட்டது. இத்தனைக்கும் நடுவே பத்தொன்பது வயதுப் பெடியன் ஓர் அறையைத் திறந்து வைக்கிறான். நான் அதன் ஒலித்தேர்வு ‘காலாவதியானது’ என்று எழுதுகிறேன்.

அடுத்த முறையும் போனேன். அவன் தொலைபேசியில் என் எழுத்தையே எடுத்துக் காட்டினான். “இதை எழுதின ஆளுக்கு விசயம் தெரியும் அங்கிள். நாங்கள்தான் பிழை விட்டிட்டம் போல கிடக்கு.” நான் “ஓம், இருக்கலாம்” என்றேன். செய்ததிலேயே மோசமானது அந்தப் பதில்தான். அன்று அவன் போட்டது முழுக்க நான் இணையத்தில் புகழ்ந்த டியூன்கள். அறை அசையவில்லை. அவன் அறையைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆட வந்த பிள்ளைகள் வெளியே போய்ச் சிகரெட் பிடித்தார்கள். அதன் பிறகு கொஞ்சக் காலத்தில் நிகழ்ச்சி நின்றுபோனது. என்னால்தான் நின்றது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நான் அதற்குத் துணைபோனேன் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

அவனுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். அண்மையில் ஒரு பிறந்தநாள் விழா மண்டபத்தில் சந்தித்தபோது, அந்த எழுத்து என்னுடையது என்று சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “அப்ப அண்டைக்கு உங்களுக்கு உண்மையாவே பிடிக்கேல்லையோ?” என்று மட்டும் கேட்டான். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. அவனுடைய நிகழ்ச்சிக்கு முதலில் போன இரவே எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

முதல் ஒரு மணி நேரம் மந்தம், சனம் சேரவில்லை. கூரை தாழ்ந்த அறை. பேஸுக்கான இரண்டு பெரிய சப் ஸ்பீக்கர் பெட்டிகளையும் ஒரே சுவரோடு போட்டிருந்தார்கள், அதனால் நடுவில் பேஸ் மெலிந்தது. பெட்டிக்கு முன்னால் நின்றவர்களுக்கு நன்றாக விழுந்தது. பெங்காவும் கோக்கியும் சேர்ந்து செய்த ‘நைட்’ வந்ததும் சுவரோரம் நின்றவர்கள் நடுவுக்கு வந்தார்கள். அதன் பிறகு அவன் போட்ட வாபிள் டியூன் ஒன்றை நான் லேப்டாப்பில் பலமுறை கேட்டு வெறுத்திருந்தேன். அங்கே அந்த உறுமலுக்கு அடியில் வேறொன்று இருந்தது. அது நெஞ்செலும்பில் வந்து நின்று, ஸ்நேர் விழும்போது விட்டது. கூட்டம் சுவரைத் தட்டிக் கத்தியது, அவன் தட்டைப் பின்னால் சுழற்றி முதலிலிருந்து போட்டான். கத்தியவர்களில் நானும் ஒருவன். ஒரு மாற்றத்தில் அவனுக்குத் தாளம் தப்பியது, யாரும் ஆடுவதை நிறுத்தவில்லை. அடுத்து எதைப் போடுவது என்று ஒவ்வொரு முறையும் தலை நிமிர்ந்து அறையைப் பார்த்துத்தான் முடிவெடுத்தான். பலருக்கு வருடக்கணக்கில் வராத பழக்கம் அது, அவனுக்கு வந்துகொண்டிருந்தது. விளக்குப் போடும்வரை நின்றேன். எனக்கு மிகவும் பிடித்திருந்தது.