முதல் எட்டுக்கால் பிராணி

நமது வீரத்தைப் பற்றி நாமே எழுதிக்கொள்வது அழகல்ல. ஆயினும் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். பாம்பைக் கண்டால் விலகி நிற்போம்; எட்டுக்கால் பூச்சியைக் கண்டாலோ நாற்காலியின்மேல் ஏறி நிற்போம். இத்தகைய நம்மிடம் வந்து, "மாமா, ஒரு டாரண்டுலா வளர்க்கலாமா?" என்று கேட்டான் நம் மருமான்.

இந்தப் பிள்ளை, 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறிய கிறிஸ்தவக் கல்லூரியில் பிராணி சாஸ்திரம் படிப்பவன். "பயம் தீர வேண்டுமானால் பழக வேண்டும், மாமா" என்று ஆரம்பித்தான். மரத்தில் வாழும் வேகக்காரச் சிலந்தி முதல்முறை வளர்ப்பவருக்கு ஆகாதாம். தரையில் வளை தோண்டி வாழும் நிதானமான ஜாதியே தகுமாம். மெக்ஸிகோ தேசத்துச் சிவப்பு முழங்கால் சிலந்தி அத்தகையது. பெண் சிலந்தி 20 வருஷத்துக்கு மேலும் ஜீவித்திருக்கும். பெட்டி மட்டும் உயரமாக இருக்கக் கூடாது. சிறிது உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு வெடித்து இறந்துவிடக்கூடுமாம். இதைக் கேட்டதும் நமக்கே சற்று இரக்கம் உண்டாயிற்று.

"அதை எங்கே வாங்குவது?" என்றோம்.

பையன் தயங்கினான். 2021 ஜூலையில் போலந்திலிருந்து சென்னைக்கு வந்த ஒரு தபால் பொட்டலத்தைச் சுங்க அதிகாரிகள் பிரித்தார்கள். சிறு சிறு பிளாஸ்டிக் குப்பிகளில், பஞ்சில் பொதிந்து, 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. இறக்குமதிக்கு அனுமதி இல்லாததால் அவை வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டன.

"ஏனடா, சுதேசிச் சிலந்தி கிடையாதா?"

"உண்டு, மாமா. ஆந்திர தேசத்துக் கூத்தியில் ரயில்வே மரக்கட்டைகளிடையே அகப்பட்ட நீலச் சிலந்தியைப் பற்றி 1899-இல் எழுதி வைத்தார்கள். பிறகு நூறு வருஷம் கண்ணில் படாமலிருந்து, 2001-இல் நந்தியால் பக்கத்துக் காட்டில் மறுபடி அகப்பட்டது. அழிவின் விளிம்பில் இருக்கிறது. அதை நாம் தொடலாகாது. கடித்தாலும் வலி கடுமை."

விஷயம் அத்துடன் முடிந்ததென்று நிம்மதியாகப் படுத்தோம்.

மறுநாள் இரவு ஸ்நான அறைச் சுவரில் உள்ளங்கையளவு பழுப்பு எட்டுக்கால் பூச்சி ஒன்று! துடைப்பத்தை ஓங்கிவிட்டோம். மருமான் ஓடிவந்து கையைப் பிடித்தான். "மாமா, மார்பின் கீழே பாருங்கள்!" வெள்ளை வில்லை போன்ற ஒரு பொதியை அது அணைத்துக்கொண்டிருந்தது. அத்தனையும் முட்டைகளாம். அது வலை பின்னாதாம். மற்ற நாட்களில் கரப்பான் பூச்சிகளை வேட்டையாடுமாம். நம் நிழல் பட்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டது. பொதியை மட்டும் விடவில்லை.

நம்மைவிட அதற்கே பயம் அதிகம் என்று அப்பொழுது புலனாயிற்று. துடைப்பத்தைக் கீழே வைத்தோம்.

இவ்வாறாக நம் முதல் வளர்ப்புப் பிராணியைத் தேர்ந்தெடுத்தோம். பெட்டி வேண்டாம், தீனி வேண்டாம், சுங்கமும் இல்லை. பயம் அடியோடு போய்விட்டதா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இல்லை. ஆனால், இப்பொழுது நாற்காலியில் ஏறுவதில்லை. கதவை இருமுறை தட்டிவிட்டு உள்ளே போகிறோம்.