நகலெடுத்த கைகள்: கிரேக்க வாசிப்புக் குறிப்புகள்

ஹெர்மாஸின் ‘மேய்ப்பர்’ என்ற தொடக்ககாலக் கிறிஸ்தவ நூல், இரண்டாம் காட்சி. மூதாட்டி ஒருத்தி கையில் சிறு நூலோடு வருகிறாள். ஹெர்மாஸ் அதை வாங்கிக்கொண்டு வயல்வெளியில் ஓரிடத்துக்குப் போய்ப் படியெடுக்கிறார். அசைகள் பிடிபடவில்லை, எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினாராம். எழுதி முடித்ததும் நூல் அவர் கையிலிருந்து பறிக்கப்படுகிறது. எழுதியதன் பொருள் விளங்க 15 நாள் நோன்பும் மன்றாட்டும் வேண்டியிருந்தன.

மொழிபெயர்ப்பில் படிப்பவர் இதைக் காட்சிக்குரிய மறைபொருள் என்று கடந்துவிடுவார். சீனாய்ச் சுவடியின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. நான்காம் நூற்றாண்டுச் சுவடி அது. ஹெர்மாஸின் முற்பகுதியும் அதில் உண்டு. பக்கத்துக்கு நான்கு குறுகிய பத்திகள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி இல்லை. எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்பதை வாசிப்பவரே வாய்விட்டுப் படித்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். புள்ளியில்லாத ஓலைச்சுவடியை எழுத்துக்கூட்டிப் படித்தவர்களுக்கு இந்தப் பாடு தெரியும். ஹெர்மாஸ் கண்டது விண்ணுலக நூலாகவே இருக்கட்டும். அவர் பட்ட பாடு அன்றைய வாசகர் எல்லாரும் அறிந்த பாடுதான்.

*

கடவுள், ஆண்டவர், இயேசு, கிறிஸ்து. இந்தப் பெயர்களைப் பழைய எழுத்தர்கள் முழுதாக எழுதுவதில்லை. பெரும்பாலும் முதலெழுத்தும் கடைசி எழுத்தும், மேலே ஒரு கோடு. அச்சுப் பதிப்புகள் விரித்து எழுதிவிடுகின்றன. படிக்க வசதிதான். ஆனால் பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் இது கிறிஸ்தவர் கை என்று காட்டிக்கொடுக்கும் அந்தக் கோடுகள் போய்விடுகின்றன. அந்த இழப்பு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

*

‘திதாக்கே’ என்ற பழைய சபை ஒழுங்கு நூலின் ஏழாம் அதிகாரம், திருமுழுக்கு பற்றியது. ஓடும் நீரில் கொடுக்கச் சொல்கிறது. ஓடும் நீர் இல்லையென்றால் வேறு நீர். குளிர்ந்த நீர் முடியாவிட்டால் வெந்நீர். இரண்டும் இல்லையென்றால் தலையில் மூன்று முறை ஊற்றினால் போதும். சட்டம் சொல்லத் தொடங்கியவர், தண்ணீர் கிடைக்காத ஊர்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துச் சலுகை கொடுத்துக்கொண்டே போகிறார். தொடக்ககாலத் திருச்சபையின் எந்த நூலிலும் இவ்வளவு நெருக்கமாக ஒரு ஊர்ச் சபையின் அன்றாடத்தை நான் பார்த்ததில்லை.

கிரேக்கத்தில் இன்னொன்றும் தெரிகிறது. முதல் கட்டளை பன்மையில் இருக்கிறது, ‘கொடுங்கள்’ என்று. அடுத்த வரியில் ‘உனக்கு ஓடும் நீர் இல்லையென்றால்’ என்று ஒருமைக்கு இறங்குகிறது. சலுகைகள் முழுக்க ஒருமை. எட்டாம் அதிகாரத்தில் நோன்பு நாள்களைச் சொல்லும்போது மறுபடி ‘நீங்கள்’. இன்றைய ஆங்கிலப் பெயர்ப்பில் இது கண்ணில் படாது. அங்கே இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் சொன்னால் உடனே உறுத்தும். சலுகைகள் பின்னால் வந்த ஒருவர் சேர்த்தவை என்று அறிஞர்கள் சிலர் கருதுவதற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம். எனக்கும் அப்படியே தோன்றுகிறது. சபைக்குப் பொதுவாக எழுதப்பட்ட ஒரு விதி. அதை வைத்துக்கொண்டு தன் ஊரில் திண்டாடிய யாரோ ஒருவருக்கு யாரோ தனியாகச் சொன்ன பதில். இரண்டும் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கின்றன. தையல் தெரிவதால் நூலின் மதிப்பு குறைந்துவிடாது. அது பயன்பட்ட நூல் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

*

‘திதாக்கே’யின் முழுப் பாடம் கிரேக்கத்தில் ஒரே ஒரு சுவடியில்தான் இருக்கிறது. 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் ஒரு மடத்து நூலகத்தில் பிலோதேயோஸ் பிரியென்னியோஸ் அதைக் கண்டெடுத்தார். 1056இல் எழுதி முடித்ததாக லெயோன் என்ற எழுத்தரின் குறிப்பு கடைசியில் இருக்கிறது. தன்னைப் பாவி என்று சொல்லிக்கொள்கிறார். 1883இல் அச்சேறியது. இதல்லாமல் எகிப்தில் ஆக்சிரிங்கஸ் மணலிலிருந்து கிடைத்த நான்காம் நூற்றாண்டுத் துணுக்குகள் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் சிறு ஏடுகள். யாரோ பயணத்தில் எடுத்துப் போயிருக்க வேண்டும்.

அதே லெயோனின் சுவடியால் கிளமெந்தின் கடிதமும் முழுமை பெற்றது. அதுவரை அலெக்சாண்டிரியச் சுவடி ஒன்றுதான் ஆதாரம். பேட்ரிக் யங் 1633இல் அதைப் பதிப்பித்தபோது கடிதத்தின் கடைசிப் பகுதியில் ஓர் ஏடு இல்லை. அந்த ஏட்டில்தான் நீண்ட வேண்டுதல் ஒன்று இருந்தது. ஆட்சியாளர்களுக்காகக்கூட மன்றாடும் வேண்டுதல். 1875இல் பிரியென்னியோஸ் பதிப்பித்த பிறகே அது திரும்ப வந்தது. நடுவில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கிளமெந்தைக் கற்றவர்கள் யாரும் அவர் ஜெபித்ததைக் கேட்கவில்லை.

*

பொலிகார்ப்பு பிலிப்பியருக்கு எழுதிய கடிதம். கிரேக்கச் சுவடிகள் ஒன்பது. ஒன்பதிலும் ஒன்பதாம் அதிகாரத்தின் நடுவில் வாக்கியம் முறிகிறது; முறிந்த இடத்திலேயே, இடைவெளி எதுவும் விடாமல், பர்னபாவின் கடிதம் ஐந்தாம் அதிகாரத்தின் நடுவிலிருந்து தொடர்கிறது. மூலப்படி ஒன்றில் சில ஏடுகள் உதிர்ந்திருக்கின்றன. அதைப் படியெடுத்தவர் கவனிக்கவில்லை. அவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே எழுதினார். ஒன்பது சுவடிகளும் அந்த ஒரே படியின் வழி வந்தவை என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

மீதிக் கடிதத்துக்கு லத்தீன் பெயர்ப்புதான் துணை. பதின்மூன்றாம் அதிகாரத்தின் பெரும்பகுதியை மட்டும் யூசேபியுஸ் தம் வரலாற்றில் கிரேக்கத்தில் எடுத்தாண்டிருக்கிறார். இஞ்ஞாசியாரின் கடிதங்களைச் சேர்த்து அனுப்பும்படி பிலிப்பியர் கேட்டதையும், பொலிகார்ப்பு அனுப்பியதையும் சொல்லும் பகுதி அது. நூல்கள் எப்படிப் பரவின என்பதைச் சொல்லும் வரிகளே இப்படி வேறொருவர் மேற்கோளால் பிழைத்திருக்கின்றன.

*

‘தியோக்னேத்துக்கு மடல்’: கான்ஸ்டாண்டிநோபிள் மீன்கடையில் பொட்டலம் கட்டும் தாள்களுக்கு நடுவில் கிடைத்தது. 1592இல் அச்சானது. இருந்த ஒரே சுவடி 1870இல் ஸ்ட்ராஸ்பூர்க் முற்றுகையில் எரிந்துபோனது. இப்போது நாம் படிப்பது எரியுமுன் அதைப் பார்த்து எழுதிக்கொண்டவர்களை நம்பித்தான்.

*

இஞ்ஞாசியாரின் கிரேக்கம் எனக்குக் கடினம். அந்தியோக்கியாவிலிருந்து பத்துப் படைவீரர் காவலில் ரோமாபுரிக்குச் சாகப் போகிறவர், வழியில் சிமிர்னாவிலும் துரோவாவிலும் தங்கும்போது எழுதுகிறார். எபேசியர் கடிதத்தின் முதல் வாக்கியமே ஓர் எச்சத்தில் தொடங்குகிறது. முற்று வருமுன் வேறொன்று நினைவுக்கு வந்து அதைச் சொல்லப் போய்விடுகிறார். முற்று வரவே இல்லை. மொழிபெயர்ப்பாளர்கள் பரிவோடு முடித்துவைக்கிறார்கள். எச்சமும் முற்றும் நம் இலக்கணத்திலேயே இருப்பதால் தமிழராகிய நமக்கு இந்த முறிவு சட்டென்று கேட்கும். அவசரத்தில் பேசுகிற ஒரு மனிதரின் மூச்சு அது; அதை யாரும் சீர்படுத்தக் கூடாது.

சீர்படுத்தினார்கள். நான்காம் நூற்றாண்டில் ஒருவர் ஏழு கடிதங்களையும் நீட்டி, இறையியல் சேர்த்து, புதிதாகவும் சில எழுதிக் கூட்டிவிட்டார். ஐரோப்பா பல நூற்றாண்டு அதைத்தான் படித்தது. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் உஷர் ஒன்றைக் கவனித்தார்: ராபர்ட் கிராஸ்டெஸ்ட் போன்ற இடைக்கால ஆங்கில எழுத்தாளர்கள் காட்டும் இஞ்ஞாசியார் வரிகள் அச்சில் உள்ளவற்றோடு ஒத்துப்போகவில்லை, பழைய திருச்சபைத் தந்தையர் காட்டும் வரிகளோடு ஒத்துப்போயின. அப்படியானால் இங்கிலாந்தில் எங்கோ நல்ல பாடத்தின் லத்தீன் பெயர்ப்பு இருக்க வேண்டும் என்று முடிவுகட்டித் தேடினார். இரண்டு சுவடிகள் கிடைத்தன. 1644இல் வெளியிட்டார். இரண்டே ஆண்டில், 1646இல், ஐசக் வோஸ் ஃபிளாரென்ஸ் நூலகச் சுவடியிலிருந்து அதற்கு இணையான கிரேக்கத்தை அச்சிட்டார். உஷர் கணித்தது சரியாயிருந்தது. ஆங்கிலப் பதிப்பாசிரியர் லைட்ஃபுட் 1885இல் இந்தச் சிக்கல் முழுவதையும் அலசியிருக்கிறார். அவர் அடிக்குறிப்புகளைப் படிப்பதற்காகவே கிரேக்கம் கற்கலாம்.

*

பொலிகார்ப்பு மறைசாட்சியான வரலாற்றின் கடைசி அதிகாரம். இரேனேயுவின் தாள்களிலிருந்து கையு எழுதினார். கையுவின் படியைப் பார்த்துக் கொரிந்துவில் சோக்ரதேஸ் எழுதினார். பிறகு பியோனியு, காலத்தால் ஏறக்குறைய நைந்துபோயிருந்த படியைத் தேடிப் பிடித்து எழுதினாராம். பியோனியு சொல்வதை ஐயுறுவோர் உண்டு. ஆனாலும் வரிசையாகப் பெயர்களைச் சொல்லி இந்த நூல் யார் யார் வழியாக வந்தது என்று காட்ட வேண்டும் என அவர் எண்ணியதே பெரிது. நூலின் உடலாகவே அதை நான் படிக்கிறேன், பின்னிணைப்பாக அல்ல.

*

தொடங்குகிறவர்களுக்கு என் வரிசை: முதலில் ‘திதாக்கே’. சிறியது, வாக்கியங்கள் குட்டையானவை, புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் தெரிந்தால் போதும். அடுத்து ஹெர்மாஸ், சொன்ன சொற்களையே திரும்பத் திரும்பச் சொல்வதால் சொல்வளம் தானாக ஏறும். நீளம் என்று பயந்து காட்சிகளோடு நிறுத்திவிட வேண்டாம். பிறகு கிளமெந்து, நீண்ட வாக்கியங்களுக்குப் பழக்கப்படுத்துவார். இஞ்ஞாசியார் கடைசியில், அதிலும் ரோமருக்கு எழுதியதை எல்லாவற்றுக்கும் பின்னால். பக்கத்தின் அடியில் பாடபேதம் தரும் பதிப்பையே வாங்குங்கள். அந்தச் சிறிய எழுத்துகளை முதல் நாளிலிருந்தே படியுங்கள்.