பவளத்தின் இளம்பருவம்

உடுமலைப்பேட்டை வட்டாரத்து உழவர் பட்டுப்புழு வளர்ப்பில் தேர்ந்தவர். முட்டையினின்று வெளிவந்த புழு எறும்பளவே இருக்கும். ஆதலின் அதனை இளம்புழு வளர்ப்பு மனையில் வைத்துத் தளிரிலையை நறுக்கியிட்டு, வெப்பமும் ஈரமும் அளவாய் அமையுமாறு காப்பர். முதற் சில நாள்களில் காவல் தவறின், பின்னர் எத்துணை இலையிட்டும் பயனில்லை. இத்தகைய பேணுதலை வேண்டி நிற்கும் உயிரொன்று கடலிலும் உண்டு. அதுவே பவளம்.

பவளப்பாறை வெறுங்கல் அன்று. கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைக் கொண்டு எண்ணற்ற சிற்றுயிர்கள் கட்டிய மாளிகை அது. பாறை கட்டும் பவளங்கள் பல, ஆண்டுக்கொரு முறை, முழுநிலாவை ஒட்டிய இரவுகளில், முட்டைகளும் ஆணணுக்களும் அடங்கிய சிறு உருண்டைகளை ஒரே வேளையில் வெளிவிடுகின்றன. அவை மிதந்து உடைந்து ஒன்றோடொன்று கலக்கின்றன. சில நாள்களில் நுண்மயிர் போர்த்த இளவுயிர் தோன்றி நீந்துகிறது. இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி படர்ந்த இடத்தை நாடி அது ஒட்டிக்கொள்கிறது. பின்னர் இடம் பெயர்வதில்லை. ஒட்டுமுன்னரே மீன்களுக்கு இரையாகி மடிவன மிகப் பல.

இவ்வரிய நிகழ்ச்சியை இலண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தார் கண்ணாடித் தொட்டியிலேயே நிகழச் செய்து, அம்முறையை 2017-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கடலின் பருவ வெப்பத்தையும் பகலின் நீளத்தையும் நிலவொளியையும் கருவிகளாலும் விளக்குகளாலும் அவர்கள் தொட்டியில் அமைத்தனர். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போர் சிலரும் இம்முயற்சியில் ஈடுபடுகின்றனர்.

முட்டையிட்டபின் உறக்கமில்லை. மிதக்கும் உருண்டைகளை மெல்ல முகந்தெடுத்து, இரு வேறு பவளங்களின் அணுக்களைக் கலக்க வேண்டும். எஞ்சிய ஆணணுக்களைத் தூய கடல்நீரால் அலசி நீக்க வேண்டும். இறந்த முட்டைகளை அகற்றாவிடின் நீர் கெடும்; நீரோட்டம் மிகுந்தால் இளங்கரு சிதையும். பாசி படர்ந்த ஓடுகளை முன்னரே ஆயத்தமாக்கி இடவேண்டும். ஒட்டிய குஞ்சுகளை வேறு பாசி மூடாதவாறு சிறு கடல்முள்ளெலிகள் மேய்ந்து காக்கும்.

இத்துணைத் தொல்லை எதற்கு? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள் முன்பு சுண்ணாம்புக்காக வெட்டப்பட்டன. அத்தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கின. 2010, 2016 ஆண்டுகளில் கடல் வெப்பத்தால் பவளங்கள் வெளுத்தன. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் பவளக் கிளைகளை நட்டுப் பாறைகளைப் புதுப்பிக்கின்றனர். நடப்பட்ட கிளை, பக்கக்கன்றில் வளர்ந்த வாழை போலத் தாயின் இயல்பையே பெற்றிருக்கும். இரு பெற்றோர்க்குப் பிறந்த குஞ்சுகளோ ஒன்றுபோல் ஒன்றிரா. வெப்பம் தாங்கவல்ல சிலவும் அவற்றுள் இருத்தல் கூடும். அச்சிலவற்றை நோக்கியதே இப்பெருமுயற்சி.

படகு படகாய் வெட்டிச் சூளையிலிட்ட பொருளை மீண்டும் உண்டாக்க, கடுகினும் சிறிய உயிரை இராப்பகலாய்க் காக்க வேண்டியுள்ளது. இழந்ததை ஆக்குவதினும் உள்ளதைக் காத்தல் எளிதன்றோ!