வாலற்ற பெயரும் வாலுள்ள படமும்

பெயருக்குப் பின்னே சாதி வால் வேண்டாமென்று 1929-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு முழங்கிற்று. பட்டங்களைப் பெருமையெனச் சுமந்தோர் பலர் அவற்றை உதறினர். அதன் பயனை நுகர்பவன் நான். என் பெயருக்கு முன்னே தந்தையின் முதலெழுத்து, பின்னே ஒன்றுமில்லை.

அந்தப் பெயருடன்தான் லிங்க்ட்இன் என்னும் தொழில்முறைத் தளத்தின் வாயிலில் நின்றேன். முதற்பெயர் கேட்டது, தந்தேன். இறுதிப்பெயர் கேட்டது, விழித்தேன். அருகிலிருந்த சிற்றப்பா, "நம்ம பட்டத்தைப் போடு தம்பி, நாலு பேருக்குத் தெரியட்டுமே!" என்றார். மறுத்தேன், தந்தையின் பெயரை இட்டேன். பெற்ற பட்டம், நடத்தும் பாடம், வகுப்பிலே பேணும் சமத்துவம் யாவும் அழகுற எழுதினேன். திருப்பரங்குன்றத்து மலை பின்னே தெரியும்படி ஒரு படமும் சேர்த்தேன். பார்ப்போர் மெச்சும் ஆசிரியன் ஆனேன், திரையிலே!

இன்ஸ்டாகிராமிலோ வேறொரு நான் இருந்தேன். உறவினர் திருமண வாயிலில் ஒரு பதாகை. அதிலே சாதிச் சங்கத் தலைவரின் உருவம். கீழே குலப்பெருமை கூறும் கொட்டை எழுத்துகள். அதன் முன்னே சிரித்தபடி நான்! அத்தை மகன் அந்தப் படத்தை ஏற்றி என் பெயரையும் பிணைத்தான். நானும் விருப்பக்குறி இட்டேன்.

சில நாட்களில், வகுப்பிலே முதற்கேள்வி கேட்கும் மாணவன் வாய் திறப்பதை நிறுத்தினான். மாலையில் திருநகர் இரண்டாவது நிறுத்தத்தில் அவனைக் கண்டேன். "உடம்புக்கு ஏதேனுமா?" என்றேன். தலைகுனிந்தான். "ஒண்ணுமில்ல சார். உங்க படம் பார்த்தேன். நீங்க அவங்க ஆளுன்னு இதுவரை தெரியாது சார்" என்றான். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டான்.

அன்றிரவு முதல் வேலையாகப் பெயர்ப்பிணைப்பை நீக்கினேன். படம் என் பக்கத்தை விட்டு மறைந்தது. அவன் நெஞ்சை விட்டு மறைந்ததா? பிறர் காணக் கூடாததை நீக்கிவிடு என்பர் வேலைக்கு வழிகாட்டுவோர். செய்யக் கூடாததைச் செய்யாதே என்பதன்றோ அறம்?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியிலே பட்டியலின மாணவன் ஒருவனை அவன் வீட்டிலேயே உடன் பயின்றோர் வெட்டினர். தடுத்த தங்கையும் காயமுற்றாள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயரிலே சாதி வேண்டாம், மாணவர் கையிலே வண்ணக்கயிறு வேண்டாம் என்றது. மாணவன் மணிக்கட்டிலே கயிற்றைத் தேட வேண்டிய ஆசிரியன், தன் படத்திலேயே அதைத் தொங்கவிடலாமா?

மறுநாள் வகுப்பிலே சொன்னேன்: "அந்தப் பதாகையின் முன் நின்றது என் பிழை. அதை விரும்பியதாகக் குறியிட்டது பெரும்பிழை." எவரும் பேசவில்லை. படத்தை எடுக்கச் சொன்னபோது அத்தை மகன், "பெரிய வாத்தியார் ஆயிட்டீங்க மாப்பிள்ளை!" என்று முறைத்தான். சிற்றப்பா இன்றளவும் என்னோடு பேசுவதில்லை.

ஆசிரியத் தோழர்களே! பெயரின் வாலை முன்னோர் அறுத்துத் தந்தனர். படத்தின் வாலை நாம்தான் அறுக்க வேண்டும். அந்த மாணவன் இன்னும் முன்போலக் கேள்வி கேட்கவில்லை. அவன் கேட்கும் நாள் வரை, திரையிலே நான் எழுதிய 'சமத்துவம்' வெறும் சொல்தான்.