தேற்றாங்கொட்டை

ஆற்று நீர் கலங்கி வரும் நாட்களில் என் பாட்டி தேற்றாங்கொட்டையை எடுத்து மண்பானையின் உட்புறத்தில் உரசுவாள். விடிந்து பார்த்தால் கலங்கல் அடியில் படிந்திருக்கும். மேலே நீர் பளிங்குபோல் நிற்கும். அழுக்கை வெளியே எடுக்காமலே, ஒன்றைச் சேர்த்து நீரைத் தெளிய வைக்கலாம் என்று நான் கற்றது அங்கேதான்.

சென்ற ஆண்டு இராணிப்பேட்டைப் பக்கம் அத்தையின் மனையை விற்றுக் கொடுக்கப் போயிருந்தேன். கொல்லைக் கிணற்றிலிருந்து அத்தை ஒரு வாளி இறைத்துக் காட்டினாள். கலங்கல் இல்லை, ஆனால் மஞ்சள் கரைத்தாற்போல் நிறம்.

"அம்மாவோட கொட்டையை இதிலே உரசிப் பாரேன், பார்க்கலாம்!" என்றாள்.

கல்லூரியில் இரசாயனத்தை இரண்டாண்டோடு கைவிட்டவன் நான். எஞ்ஜினீயர் நண்பரிடம் கேட்டேன். தோல் பதனிட உதவும் குரோமிய உப்புக்களைச் செய்த தொழிற்சாலை ஒன்று 1990-களில் மூடப்பட்டபோது, மலைபோல் கழிவை விட்டுச் சென்றது. மழை அதனூடே இறங்குகிறது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நீரில் கரைந்து ஓடும், புற்றுநோயும் தரும். கரைந்த நஞ்சைக் கொட்டை என்ன செய்யும்?

"அன்னபேதி செய்யும்" என்றார் நண்பர். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் அதே இரும்பு உப்புத்தான். குழாய்க் கிணறுகள் வழியே அதன் கரைசலை நிலத்தடியில் செலுத்தினால், குரோமியம் மூன்று இணைதிறனுக்கு இறங்கி, பெரும்பாலும் கரையாத பொருளாகி, மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். கலிபோர்னியாவில் ஹிங்க்லி என்ற சிற்றூரில், 1952 முதல் 1966 வரை ஓர் எரிவாயு நிலையம் கெடுத்த நிலத்தடி நீருக்கு எத்தனாலைச் செலுத்தினார்கள். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் அதே வேலையைச் செய்து கொடுக்கின்றன.

"அப்படியானால் நஞ்சு போய்விடுமா?"

"போகாது. அடங்கிக் கிடக்கும். மண்ணில் மாங்கனீசு இருந்தால் கொஞ்சம் பழைய உருவுக்குத் திரும்பினாலும் திரும்பும். ஆண்டுக்கணக்கில் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு முன்னால், மேலே இருக்கும் குவியலுக்கு வழி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மழைக்கும் ஊற்று புதிதாகக் கெடும்."

மறுநாள் மாலை மனை வாங்குபவர் வந்தார். வீட்டைப் பார்த்தார், தென்னைகளை எண்ணினார். கிணற்றைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அத்தை உள்ளே போய்க் கண்ணாடித் தம்ளர் ஒன்றில் தண்ணீர் கொண்டு வந்து அவர்முன் வைத்தாள்.

"குடிக்கிறதுக்கு இல்லே ஐயா. பார்க்கிறதுக்கு."

அவர் பார்த்தார். காப்பிக்குக்கூட இருக்காமல் எழுந்து போய்விட்டார்.

ஊர் திரும்பும் வரை அத்தையோடு நான் முகங்கொடுத்துப் பேசவில்லை. அன்றிரவு வீட்டில் தண்ணீர் குடிக்கத் தம்ளரை எடுத்தபோது, அந்த மனிதருக்கும் குழந்தைகள் இருக்கும் என்று தோன்றியது.

மனை இன்னும் விற்கவில்லை. அத்தையின் மேல் எனக்கிருந்த கோபம் மட்டும் அடியில் படிந்துவிட்டது.